திகதி அண்ணையின் முடிந்த வேலைகள்

"எப்படிச் சுகம்?" என்று கேட்டால், "எந்தத் திகதியிலை இருந்து எந்தத் திகதி மட்டும்?" என்று திருப்பிக் கேட்கக்கூடிய மனிதர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒருவர்தான் இருக்கிறார். அவரை நாங்கள் திகதி அண்ணை என்போம். சொந்தப் பெயர் தினமும் கையெழுத்துப் போடும் வரவு இடாப்பில் இருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

புத்தூர்ப் பக்கம் ஒரு சிறிய கமக்காரர் சங்கம். அங்கே வேலைக்கு இரண்டே இரண்டு பேர். அவர் கிளாக்கர். மற்ற எல்லாம் நான். பசளை மூட்டை இறக்குவது, விதை வெங்காயம் நிறுப்பது, மருந்தடிக்கும் மெசினில் அடைப்பு எடுப்பது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆளைக் கண்டால் குரல் உள்ளே போய்விடும். பதினொரு வருடம் வேலை செய்தும் பாதிக் கமக்காரருக்கு என் குரல் தெரியாது.

திகதி அண்ணையின் உலகம் சங்கத்துப் பழைய கணினியில் ஒரேயொரு கோப்புக்குள் இருந்தது. படம் இல்லை, நிறம் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஒரு வேலைக்கு ஒரு வரி. வேலை முடிந்தால் வரிக்கு முன்னால் ஒரு புள்ளடி, பக்கத்தில் திகதி. பிறகு இரண்டு திகதிகளைத் தட்டினால் போதும். இடையில் முடிந்த வேலைகள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக வந்து நிற்கும்.

இந்தப் பழக்கம் கணினிக்கு முந்தியது என்று அவர் மனைவி சொல்லுவா.

"தாலி கட்டின கையோடை பொக்கற்றிலை இருந்து கொப்பியை எடுத்தவர் பிள்ளை. ஐயரே மந்திரத்தை விட்டிட்டுப் பார்த்தவர்."

"என்ன எழுதினவர், அக்கா?"

"எழுதேல்லை. புள்ளடி போட்டவர். அண்டைக்கு அவருக்கு முடிஞ்ச வேலை ரெண்டு. தலைமயிர் வெட்டினது, தாலி கட்டினது."

ஒருமுறை பயிற்சி கொடுக்க வந்த தம்பி ஒருவர், வேலைகளைக் குறிக்க அண்ணையின் கைபேசியில் நிறநிறமான செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அண்ணை அதை மூன்று நாள் வைத்திருந்துவிட்டு அழித்தார்.

"வாசல் கூட்டினதுக்குப் பலூன் பறக்குது தங்கச்சி. லொறி நிறையப் பசளை இறக்கினால் இது என்னத்தைப் பறக்கவிடும்?"

அவரிடம் பொய் சொல்லவும் ஏலாது. ஒரு கமக்காரர் வந்து, "போன மாதம் முழுக்க இஞ்சை அலைஞ்சனான், ஒண்டும் நடக்கேல்லை" என்று கத்தினார். அண்ணை கணினிப் பக்கம் திரும்பினார். மாதத்தின் முதல் நாளையும் கடைசி நாளையும் தட்டினார். மூன்று வரி இறங்கியது.

"மூண்டு தரம் வந்தனீர். மூண்டு தரமும் மெசின் திருத்தித் தந்தது."

கமக்காரர் வரிகளை விரலால் எண்ணிப் பார்த்தார். "அப்ப நான் அலைஞ்சது வேறை எங்கையோ" என்றார்.

அந்த மெசினை மூன்று தரமும் திருத்தியது நான். வரியில் அது இல்லை. "வேலை முடிஞ்சதோ எண்டதுதான் கேள்வி. ஆர் செய்தால் என்ன?" என்பது அண்ணையின் கொள்கை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பெயர் வெளியில் வராத இடம் எனக்கு நிழலான இடம்.

பிறகு புதுத் தலைவர் வந்தார். இவ்வளவு சின்னச் சங்கத்துக்கு இரண்டு பேர் தேவையா என்று கேட்டார். கூட்டத்தில் முடிவெடுப்போம், கடந்த மூன்று மாதத்தில் நடந்த வேலைகளின் விபரம் வேண்டும் என்றார். இந்த வேலை போனால், இன்னொரு வாசலில் நின்று வேலை கேட்க எனக்கு வாய் வராது.

அண்ணைக்கோ திருவிழா. வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் தானாக அவரிடம் பட்டியல் கேட்டிருக்கிறார். இரண்டு திகதிகளைத் தட்டினார். நாலு பக்கம் வந்தது. எனக்கும் நிம்மதி. நான் கதைக்கத் தேவையில்லை, கடதாசி கதைக்கும் என்று நினைத்தேன்.

கூட்டத்தில் கடதாசி கதைத்தது. தலைவர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணை, இவ்வளவையும் நீங்கள் ஒருத்தரே சமாளிச்சிருக்கிறியள். பிறகென்னத்துக்கு ரெண்டாவது ஆள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அண்ணையின் முகம் அப்படி வெளிறி நான் கண்டதில்லை. கையை நீட்டிக் கடதாசியைத் திருப்பி வாங்கினார். பேனையைத் திறந்தார்.

"மூண்டாம் திகதி, பசளை இறக்கினது. தங்கச்சி. நாலாம் திகதி, விதை வெங்காயம் நிறுத்தது. தங்கச்சி. அஞ்சாம் திகதி, களஞ்சியத்துக்கை வந்த பாம்பைத் துரத்தினது. தங்கச்சி. நான் கதிரைக்கு மேலை நிண்டனான்."

சிலர் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வரியாக வாசித்து, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எழுதினார். மூன்றாம் பக்கம் வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

"அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று தலைவர் கேட்டார்.

அண்ணை கடதாசியின் பின்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "இதுகளை எழுதினனான்" என்றார்.

என்னை வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தார்கள். அறுபது தாண்டிய அண்ணைக்கு இனிச் சேவை நீடிப்பு இல்லை என்றும் தீர்மானித்தார்கள். கடைசி நாள் பின்னேரம் அவர் கோப்பைத் திறந்து, 'வேலையை ஒப்படைக்கிறது' என்ற வரிக்குத் தானே புள்ளடி போட்டார். பிறகு கதிரையை என் பக்கம் தள்ளினார்.

"இனி முடிஞ்ச வேலைக்குப் பக்கத்திலை ஆளின்ரை பேரையும் போடும், தங்கச்சி. இவ்வளவு நாளும் போடாமல் விட்டது என்ரை பிழை."

அடுத்த நாள் காலை நான் அந்தக் கோப்பில் முதல் வரி எழுதினேன்: 'அண்ணைக்கு நன்றி சொல்ல வேணும்.'

வேலை முடிந்து வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குச் சைக்கிளில் போகிறேன். அக்கா தேத்தண்ணி தருவா. அவர் வெங்காயத்தைப் பற்றிக் கேட்பார். நான் பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். தொடக்கத்தில் கூச்சத்தால் நன்றி சொல்லவில்லை. இப்போது கூச்சம் இல்லை. ஆனால் சொல்லிவிட்டால் அந்த வரிக்குப் புள்ளடி போட்டுவிட வேண்டும். பிறகு வெள்ளிக்கிழமை என்ன வேலை என்று அங்கே போவது?