இரண்டு இரும்புக் கால் அனுப்பவும்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
கீலக வருடம், மார்கழி மாதம்.

அம்பத்தூரில் இரும்பு அலமாரிக் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை கணவர், மாப்பிள்ளை திருஞானசம்பந்தம் அவர்களுக்குக் கலியாணசுந்தரம் எழுதுவது. ஏகாம்பரநாதர் கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே தையல்நாயகியும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும். நீங்களும் இருங்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய ராக்கு என்கிற இரும்பு அலமாரிக்கு இன்னும் இரண்டு கால் வேண்டும். தலை முதல் அடி வரை துளை போட்ட அதே இரும்புக் கால்தான். இங்கே கொல்லனைக் கேட்டால், "இம்மாம் துளைய போட்டுக்கினு இருந்தா நான் எப்போ சோறு துன்றது?" என்கிறான். ஆகவே வியாதியைக் கொடுத்த நீங்களே மருந்தையும் அனுப்பிவைக்கவும்.

எங்கள் அப்பா செய்துவைத்த மாம்பலகை அலமாரி உங்களுக்கு நினைவிருக்கும். இல்லாவிட்டாலும் பாதகமில்லை, தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு நீங்கள் குளித்தீர்களே, அந்த வெந்நீர் அதை எரித்துப் போட்டதுதான். தச்சரை வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்துச் செய்த அலமாரி அது, எந்த வாசல் வழியாகவும் வெளியே போகாது. நடுவில் ஒரு பலகையை ஆணியடித்து இறுக்கி, "மேல இருக்கறது பெரியவனுக்கு, கீழ இருக்கறது சின்னவனுக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா கண்ணை மூடினார். அன்று முதல் நானும் தம்பி நமச்சிவாயமும் தறியிலிருந்து இறங்கும் சேலைகளை அப்படியே வைத்து, ஒரே அறையில், ஒரே பாயில் உட்கார்ந்து வியாபாரம் செய்தோம். எந்தச் சேலை யாருடையது என்று நாங்கள் குறித்துவைத்ததே கிடையாது. மேலே இருந்தால் என்னுடையது, கீழே இருந்தால் அவனுடையது, அவ்வளவுதான். வைகாசியில் கருட சேவைக்கு வந்த நீங்கள் சாமியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். அலமாரியைப் பார்த்தீர்கள். "இன்னா மச்சான், இன்னும் ஆணியடிச்ச பலகைய வெச்சிக்கினு இருக்கீங்க? இப்போல்லாம் அட்ஜஸ்டபிள்தான். சரக்கு ஏறுனா தட்ட ஏத்திக்கலாம், கொறஞ்சா எறக்கிக்கலாம்" என்று ஒரு படப் புத்தகத்தை விரித்தீர்கள். அதில் டை கட்டிய ஒருத்தன் ஒற்றை விரலால் தட்டைத் தூக்கிக்கொண்டு சிரித்தான். அவனுக்குத் தம்பி இல்லை போலிருக்கிறது.

ஆவணியில் ராக்கு வந்து இறங்கியது. வாசல் வழியாக வெளியே போகாத அலமாரியைக் கோடாலியால் பிளந்து கொல்லைப்புறம் அடுக்கினோம். ராக்கை நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினோம். ஒரே ஒரு குறை. உங்கள் நட்டும் போல்ட்டும் பட்டுச்சேலைக்கு எமன். போல்ட்டின் மண்டையில் உரசினால் இழையை இழுத்துவிடும், கிரீஸ் பட்டால் சரிகை கறுத்துவிடும். நெசவுக்காரன் கண்ணுக்கு வரிசையாகத் துளை தெரிந்தால் கை சும்மா இருக்குமா? "போல்ட்டு இன்னாத்துக்குண்ணா, தறிக்கயிறு போட்டு கட்டிடலாம்" என்றான் நமச்சிவாயம். எனக்கும் அது பெரிய புத்திசாலித்தனமாகத் தோன்றியது. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து துளையில் பருத்திக்கயிற்றைக் கோத்து, தட்டுகளை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டு முடிச்சுப் போட்டோம். அம்பத்தூர் இன்ஜினீயருக்கே தோன்றாத யோசனை என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், நடுத்தட்டு மேலே ஏறி என் சேலைகளை நெருக்கிக்கொண்டிருந்தது. கட்டும்போது நாங்கள் இரும்புக் காலில் மையினால் போட்ட அடையாளம் தட்டுக்குக் கீழே தனியாக நின்றது. தம்பிக்குத் தீபாவளிச் சரக்கு அதிகம், இடம் போதாமல் ஏற்றியிருக்கிறான் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். அண்ணன் என்கிற பெரிய மனுஷத்தனத்தில் கேட்காமல், முடிச்சை அவிழ்த்துப் பழைய இடத்துக்கே இறக்கிக் கட்டினேன். மழை விட்டு இரண்டு நாள் வெயில் காய்ந்ததும் தட்டு இன்னும் கீழே போய்விட்டது. "இன்னாண்ணா, தட்ட எறக்கிட்டியா? என் பொடவைங்க நசுங்கிக்கினு இருக்குது" என்றான். "நான் ஏன்டா எறக்கறேன்? நீ ஏத்துனதத்தான் சரி பண்ணேன்" என்றேன். "நான் எப்போ ஏத்துனேன்?" என்றான். அப்புறம் மழை பெய்தால் எனக்கு வயிறு எரியும், வெயில் அடித்தால் அவனுக்கு எரியும். என் வீட்டுக்காரி கிருஷ்ணம்மாள் அறைவாசலில் முறம் வைத்துக்கொண்டு அரிசி புடைத்தபடி காவல் இருந்தாள். அவன் பெண்சாதி அம்சவேணி எதிரில் வந்து பூக்கட்ட உட்கார்ந்தாள். ஒரே அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த வீடு, மாப்பிள்ளை. கார்த்திகை பிறந்தபோது அடுப்பு இரண்டாகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத் தாமல் கிராமத்திலிருந்து துரைக்கண்ணு என்பவர் குடும்பத்தோடு வந்தார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம், கூரைப்புடவை எடுக்க வேண்டும். பாயில் உட்காரவைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தோம். பெண்ணுக்கு அரக்குப் பட்டு ஒன்று பிடித்துப்போனது. அது கீழ்த்தட்டுச் சேலை. "எடுத்துக் குடுரா" என்றேன். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தம்பி சேலையை எடுத்து மடியில் விரித்தான். அவிழ்த்து அவிழ்த்துக் கட்டி நைந்துபோன கயிறு அந்த நிமிஷம்தான் அறுந்தது. நடுத்தட்டு சரிந்து, என் சரக்கு அவன் சரக்கின்மேல் விழுந்து, எல்லாமாகச் சேர்ந்து பெண்ணின் மடியில் கொட்டியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் பெண்ணின் தாயார் செல்லியம்மாள் எழுந்துவிட்டார். "மொத மொத எடுக்க வந்த கூரப்பொடவ, தொட்டவொடனே சரிஞ்சி வுழுது. வேணாம், எந்திரிங்க" என்றார். பக்கத்துத் தெருவில் போய் எடுத்தார்களாம். அவர்கள் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் நானும் நமச்சிவாயமும் நடுத்தெருவில் நின்று ஒருவர் அப்பனை ஒருவர் திட்டிக்கொண்டோம். இரண்டு பேருக்கும் ஒரே அப்பா என்பது திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத் தையல்நாயகி சொல்லியிருப்பாள். பெரியவர்கள் கூடி வீட்டைப் பிரித்தார்கள். அறைக்கு நடுவே சுவர் வர வேண்டும் என்று முடிவாயிற்று. மார்கழியில் அஸ்திவாரம் தோண்டக் கூடாது, தை பிறக்கட்டும் என்று கொத்தனாரே சொல்லிவிட்டார். ராக்கையும் பிரித்தார்கள். பழைய அலமாரியாக இருந்திருந்தால் பிரித்திருக்க முடியாது, அது யாராவது ஒருவன் பக்கம் நின்று மற்றவன் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் அனுப்பியது தங்கமான சாமான், பாதியாக்கினால் பாதியாகிறது. எனக்கு இரண்டு கால், அவனுக்கு இரண்டு கால். தட்டிலும் பாதி. உபயோகிக்காத போல்ட்டில்கூடப் பாதி. பிரித்து முடித்த பிறகுதான் இரண்டு காலில் எதுவும் நிற்காது என்று பெரியவர்களுக்குத் தெரிந்தது. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது இரண்டு பேர் சரக்கும் பாயில் ஒன்றாகக் குவிந்து கிடக்கிறது. மேலும் இல்லை, கீழும் இல்லை, ஆகவே எது யாருடையது என்றும் தெரியவில்லை. எடுத்து அடுக்கினால்தான் பிரிக்கலாம், கால் வந்தால்தான் அடுக்கலாம். எனவே தாமதம் செய்யாமல் தை பிறப்பதற்குள் இரண்டு கால் அனுப்ப வேண்டியது. அவன் தேவையை அவன் பார்த்துக்கொள்வான்.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். காமாட்சி உங்கள் வீட்டைக் குறையில்லாமல் வைக்கட்டும். உங்கள் வீட்டு அலமாரியில் ஆணி இருந்தால் பிடுங்காதீர்கள்.

இப்படிக்கு,
கலியாணசுந்தரம்

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினேன். கிருஷ்ணம்மாள் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். அந்தப் பக்கம் நமச்சிவாயமும் கேட்டுக்கொண்டிருந்தான். இதைத் தபாலாபீசில் நின்றபடி எழுதுகிறேன். ராக்கைப் பிரித்த அன்று கயிறுகளை நாங்கள் இருவரும்தான் அவிழ்த்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மற்ற தட்டுகளின் கயிறுகள் விறைத்து, அந்தத் தட்டுகளும் அடையாளத்தைத் தாண்டி மேலே ஏறி நின்றன. அந்த முடிச்சுகளோ ஆவணியில் போட்டபடியே இருந்தன, யாரும் கை வைக்கவில்லை. ஈரத்தில் கயிறு இறுகும், வெயிலில் தளரும். தறியில் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், ராக்கில் அது எங்களுக்குத் தோன்றவில்லை. நான் அவனைப் பார்த்தேன், அவனும் என்னைப் பார்த்தான். பெரியவர்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் மிச்ச முடிச்சுகளையும் அவிழ்த்து முடித்தோம். வெட்கமாக இருந்தது, மாப்பிள்ளை. இப்போதும் இருக்கிறது.

ஆகவே கால் அனுப்ப வேண்டாம். கம்பெனியில் சரக்கு இல்லை, எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை என்று எல்லோர் எதிரிலும் படிக்கும்படியாக ஒரு கடிதம் போடுங்கள். கால் வராதவரை சரக்கைப் பிரிக்க முடியாது, அது அறை நடுவில் கிடக்கும்வரை கொத்தனாரைக் கூப்பிட முடியாது. தம்பியும் உங்களிடம் இரண்டு கால் கேட்டு எழுதியிருப்பான். அவனுக்கும் அனுப்பாதீர்கள். அவன் கடிதத்தின் அடியிலும் இந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், அதை எனக்கு எழுத வேண்டாம்.