துறை ஆலோசகர்

"அக்கா, திருச்செந்தூர்ல ஒரே கூட்டம். பஸ்ஸு நகர மாட்டேங்கு. சாயங்காலந்தான் வர முடியும்."

பகலில் மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் பிரம்மநாயகி போனை வைத்துவிட்டாள். சித்ரலேகாவுக்கு அன்றைக்குத்தான் இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக்கு நேர்காணல். கணவர் சென்னையில். மாமனார் ஞானசம்பந்தன் ஓய்வு பெற்ற தாசில்தார். அதட்டுவதைத் தவிர மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

'முதியோர் பராமரிப்பும் பணிபுரியும் பெண்களும்' என்பது சித்ரலேகாவின் ஆய்வு. பக்கம் பக்கமாக யோசனை சொல்லியிருந்தாள். இன்று காலைக்கு அதில் ஒன்றும் தேறாது என்று எழுதியவளுக்கே தெரியும். மாமனாரை ஆட்டோவில் ஏற்றிக் கல்லூரிக்கே கூட்டிவந்து, துறை அறையில் நாளிதழோடு உட்காரவைத்தாள்.

"மாமா, நான் வார வரைக்கும் இங்கனயே இருங்க."

"நீ யாருளா எனக்கு உத்தரவு போட?"

ஜெராக்ஸ் எடுத்துவிட்டு வந்து பார்த்தால், அவர் வராந்தா பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் இன்னொரு பெரியவர். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா, தங்க பிரேம் கண்ணாடி. வாசலில் மதுரைப் பதிவெண்ணோடு ஒரு கார்.

சித்ரலேகா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். நேர்காணலுக்கு மதுரையிலிருந்து நிபுணர் வருகிறார் என்று கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார். துறைக்கே வந்து வேவு பார்ப்பார் என்று சொல்லவில்லை.

"வணக்கம் சார்!"

பெரியவர் ஞானசம்பந்தனைக் காட்டினார். "இவரு யாரு?"

மாமனார் என்றால், வீட்டுச் சுமையை வேலைக்குத் தூக்கிவருகிறவள் என்று எழுதிவிடுவார். எட்டு வருடக் காத்திருப்பு போய்விடும். பொய் தானாக வாயில் வந்தது.

"எங்க துறை ஆலோசகர் சார்."

"அப்படியா! என்ன ஆலோசனை சொல்றாரு?"

ஞானசம்பந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணுக்குப் போவணும்."

"நல்ல யோசனை. எனக்கும்தான். எங்கிட்டுப் போகணும்?"

இருவரையும் கழிப்பறையில் விட்டுவிட்டு, கிடைத்த வாய்ப்பை விடுவானேன் என்று மூடிய கதவைப் பார்த்துத் தன் ஆய்வை விளக்கத் தொடங்கினாள்.

"அப்புறம்?" என்றார் நிபுணர், உள்ளிருந்து.

அவள் அடுத்த அத்தியாயத்தை அவிழ்த்துவிட்டாள். மறுபடியும் "அப்புறம்?" இவ்வளவு ஆழமாக அவளை யாரும் கேள்வி கேட்டதில்லை. புல்லரித்தது.

"வீட்ல யாரெல்லாம் இருக்கா?"

"யாருமே இல்ல சார். எனக்கு வேலைதான் எல்லாம்."

கதவு திறந்தது. துறை ஆலோசகர் அண்டர்வேரோடு வெளியே வந்தார். "மருமவளே, என் வேட்டியக் காணலளா!"

வேட்டி, பின்னால் வந்த நிபுணரின் தோளில் கிடந்தது. ஆலோசகர் மேல் பாவப்பட்டு எடுத்து வைத்திருப்பார், எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேட்டியை வாங்கி மாமனாருக்குக் கட்டிவிட்டாள்.

"மன்னிச்சிருங்க சார். இவுக என் மாமனார். பாத்துக்கிட இன்னிக்கு ஆளில்ல. சொன்னா எனக்கு வேலைல கவனமில்லன்னு நெனப்பீங்களோன்னு பயந்துட்டேன்."

நிபுணர் அவளையே பார்த்தார்.

"அப்புறம்?"

வராந்தாக் கோடியிலிருந்து அட்டெண்டர் முத்துமாலை மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அந்தா நிக்காரே! மேடம், ஒங்கள கேள்வி கேக்க வந்த மதுரைப் புரொபசரம்மா அங்கன கண்ணீரும் கம்பலையுமா தேடிக்கிட்டுக் கெடக்காவ, வீட்டுல பாத்துக்கிட ஆளில்லன்னு கூடவே கூட்டியாந்த அவுக அப்பாவ!"