சூரியனுக்குப் பூ தூவிய மென்பொருள்

எங்கள் குடும்பத்தில் யார் புது போன் வாங்கினாலும், அதில் என்னென்ன போட்டுக்கொள்ளலாம் என்று என்னைத் தவிர ஊரில் எல்லோரிடமும் கேட்பார்கள். இத்தனைக்கும் எனக்குச் சோறு போடுவதே கம்ப்யூட்டர் வேலைதான். நான் வாயைத் திறந்தால் செல்வி அக்கா, "அவன கேக்காதீங்க, யாருக்காவது கல்யாணம் ஆயிடும்" என்பாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

இரண்டாயிரத்து நாலாம் வருடம். வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடக்கப்போகிறது, அதுவும் பட்டப்பகலில், என்று பேப்பரில் படித்ததும் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. அப்போது நான் வடசென்னை வானியல் மன்றத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் (உறுப்பினரும் நான் ஒருவன்தான்). என்னிடம் ஒரு சின்னத் தொலைநோக்கியும், அதன் முகத்தில் மாட்டும் சூரிய வடிகட்டியும், இரவல் டிஜிட்டல் கேமராவும் இருந்தன. கேமராவை ஒயர் போட்டு கம்ப்யூட்டரில் சொருகினால் படம் நேரே திரைக்கு வந்துவிடும். அங்கிருந்து எங்கள் காலடிப்பேட்டை முழுக்க டிவியில் காட்டிவிடலாம். ஏனென்றால் அந்தக் கம்ப்யூட்டர் காதர் பாயுடையது. பாய் எங்கள் ஏரியாவின் கேபிள்காரர். உபதொழில், கல்யாண வீடியோ மிக்சிங். மணப்பெண்ணின் முகத்தைத் தாமரைப் பூவுக்குள் வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அதே வாரம் வீட்டில் இன்னொரு விஷயமும் தொங்கலில் இருந்தது. தேரடிப் பக்கத்திலிருந்து முருகவேல் குடும்பம் வந்து அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பதில் இல்லை. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. "அவங்க சொல்ற வரிக்கும் தெருவுல ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது" என்று துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா கண்டித்துச் சொல்லியிருந்தார். போன் அடித்தால் அக்கா முதல் ஆளாக எழுந்து, எடுக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தங்கைதான் ஓடிப்போய் எடுப்பாள்.

நானோ மென்பொருள் தேடிக்கொண்டிருந்தேன். கேமராவோடு வந்த சிடியில் ஒன்று இருந்தது. படம் பிடிக்கும், சேமிக்கும், அவ்வளவுதான். பிரவுசிங் சென்டரில் தவம் கிடந்து இறக்கிய இன்னொன்று, வானத்தைப் படம் பிடிப்பவர்களுக்கென்றே எழுதியது. எத்தனை நொடிக்கு ஒரு படம், எவ்வளவு வெளிச்சம் என்று கேட்கும். சொன்னதைச் செய்துவிட்டுச் சும்மா இருக்கும். பாய்க்கு அது பிடிக்கவில்லை.

"இன்னா நைனா, கருப்பு ஸ்கிரீன்ல வெறும் ரவுண்டு. இத்த எவன் பாப்பான்?"

"பாய், அது சூரியன்."

"இர்க்கட்டுமே. ஓரத்துல ரெண்டு ரோஜா வச்சா சூரியன் இன்னா கோச்சிக்கவா போவுது?"

அவருடைய கல்யாண மென்பொருளும் கேமராவோடு பேசும் என்றார். அதில் கீழே பெயர் போட ஒரு கட்டம் இருந்தது. சும்மா அடித்துப் பார்த்தேன். தனசேகரன், பி.எஸ்ஸி. என்று தங்க நிறத்தில் மின்னியது. மற்ற இரண்டு மென்பொருளையும் அதோடு மறந்துவிட்டேன்.

பாயின் அறை மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது. ஜன்னல் வழியே ஒயரை இழுத்து, வெள்ளி கடக்கும் நாளன்று காலை எல்லாம் தயார். சூரியனின் ஓரத்தில் கரும்புள்ளி எட்டிப் பார்த்தது. கீழே என் பெயர் மின்னியது. மதியம் பாய் தொழுகைக்குக் கிளம்பிப் போனார். நான் வெயிலில் தொலைநோக்கியைச் சூரியனோடு சேர்த்து நகர்த்திக்கொண்டிருந்தேன். அறையில் யாரும் இல்லை.

கல்யாண மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. கல்யாண வீட்டில் எப்போதும் யாராவது அசைந்துகொண்டே இருப்பார்கள். திரையில் கொஞ்ச நேரம் அசைவில்லை என்றால், கேமராக்காரர் பந்திக்குப் போய்விட்டார் என்று நினைத்து, அது தானாகவே அடுத்த டிசைனுக்குத் தாவிவிடும். வெள்ளியோ சூரியனைக் கடக்க ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ஆள்.

முதலில் சூரியனைச் சுற்றி ஒரு இதயம் வந்ததாம். பிறகு ரோஜா இதழ்கள் கொட்டினவாம். அதன் பிறகு, அக்கா கல்யாண ஆர்டர் தனக்குத்தான் வரும் என்ற நம்பிக்கையில் பாய் மாதிரிக்குச் செய்து வைத்திருந்த டிசைன். (பாயிடம் விஷயத்தைச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள். பாய் தெருவில் சேர்த்தி இல்லை என்று நினைத்துவிட்டேன்.) மேலே, 'செல்வி – முருகவேல் திருமண வரவேற்பு'. நடுவில், மச்சம் வைத்த சூரியன். கீழே, 'அன்புடன் அழைக்கும் தனசேகரன், பி.எஸ்ஸி.'

தெருவில் கைதட்டல் கேட்டது. "சூப்பர்பா, சொல்லவே இல்ல" என்றது ஒரு குரல். வானியல் இவ்வளவு சீக்கிரம் மக்களிடம் போய்ச் சேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவர் வரை போய், இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டேன்.

அப்போது அப்பா மாடியேறி வந்தார்.

"செல்வி கல்யாணத்துக்கு அழைக்கறதுக்கு நீ யார்ரா?"

ஜன்னல் வழியே திரையைப் பார்த்தேன். அக்காவின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மூன்றாவது இடத்தை நானே கெடுத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனால், முருகவேலின் அம்மா ஆட்டோ பிடித்து வந்து உட்கார்ந்திருந்தார். தேரடியிலும் காதர் பாய் கேபிள்தான்.

"நாங்க இன்னும் வாயே தொறக்கல. அதுக்குள்ள டிவில வந்துகினு கீது" என்றார்.

"சின்னப் பையன்மா, தெரியாம பண்ட்டான்" என்று அப்பா கையைக் கூப்பினார். (எனக்கு மீசை வந்து வெகுநாள் ஆகியிருந்தது.)

அந்த அம்மா ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். "எதிர்வூட்டுக்காரி மூணு தபா வந்து கேட்டுட்டா. சூரியனையே புடிச்சி பத்திரிகைல போட்டுகீறாங்களே, எம்மாம் செலவுன்றா. இனிமே நாங்க இல்லன்னு சொன்னா தெருவுல தல காட்ட முடியாது. தேதி பாருங்க."

அப்பா அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கும் சரிதான்பா" என்றாள் அவள். "அந்த ஹார்ட்ட மட்டும் எடுத்துட சொல்லு."

நான் எடுத்த வெள்ளிப் படங்களில் பூ விழாத படம் ஒன்றுகூட இல்லை. அதில் ஒன்று அக்காவின் கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கமாக ஒட்டியிருக்கிறது. "இதுல நான் எது?" என்று முருகவேல் மாமா வருடா வருடம் கேட்பார். "ஓரமா ஒரு புள்ளி கீதே, அது" என்பாள் அக்கா.

எட்டு வருடம் கழித்து வெள்ளி மறுபடியும் சூரியனைக் கடந்தது. இந்த முறை ஒழுங்காக அந்த வானியல் மென்பொருளையே போட்டுக்கொண்டு, காலையிலேயே எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா மேலே வந்தார். தங்கையைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து பதிலே இல்லாத நேரம் அது. அவர் திரையைக் குனிந்து பார்த்தார்.

"வெறும் ரவுண்டாத்தான் கீது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "காதர் பாய் கைல அந்தப் பழைய சாஃப்ட்வேரு இன்னும் கீதாடா?" என்று கேட்டார்.