ஹாலாஸ்யத்துக்கு மட்டும் காபி இல்லை

ஹாலாஸ்யத்தின் கையில் காகித டம்ளரில் தண்ணீர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சோபாவில் சாய்ந்திருந்த முத்திருளன் கையில் பீங்கான் கோப்பை நிறையக் காபி. கோப்பைக்குக் கீழே தட்டு, தட்டில் முந்திரி பிஸ்கெட்.

"ஏம்ப்பா, காபி கிடையாதா?" என்று வாட்ச்மேன் காளையிடம் கேட்டார் ஹாலாஸ்யம்.

"காபி அந்தப் பக்கத்துக்கு சார். இது சர்வீஸ் பக்கம்."

ஹாலாஸ்யத்துக்கு வயிறு எரிந்தது. அவர் கார் வாங்கியதும் திருப்பரங்குன்றம் ரோட்டிலிருந்த இதே ஷோரூமில்தான். டெலிவரி எடுத்த அன்று அவருக்கு மாலை போட்டார்கள், மணி அடித்தார்கள், சாவித்ரியைக் கேக் வெட்டச் சொன்னார்கள். ஆள் உயர அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள். "இனிமே நீங்க நம்ம வீட்டு ஆளு சார்" என்று விற்பனைப் பெண் பவதாரிணி சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட்டார்.

முதல் சர்வீஸுக்குப் போனபோது காபி வந்தது. அடுத்த முறை டீ. அதற்கடுத்த முறை, டீ மெஷின் இருக்கும் திசையைக் காட்டினார்கள். இப்போது தண்ணீர். அடுத்த தடவை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வார்கள் போலிருந்தது.

முத்திருளனோ வில்லாபுரத்தில் அவருக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருப்பவர். பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கிறார். இன்றுவரை மொபெட்டில் போகிற மனிதர். அவருக்குப் பக்கத்தில் மேனேஜரே உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

தாங்க முடியாமல் ஹாலாஸ்யம் உள்ளே போனார். "என்ன முத்திருளன், இந்தப் பக்கம்?"

"வாங்கண்ணே! ஒரு வண்டிக்குச் சொல்லி வச்சிருக்கேன். லேசுல கெடைக்க மாட்டேங்குது. அது வர்ற வரைக்கும் அப்பப்ப வந்து கண்ணால பாத்துட்டுப் போறேன்."

முத்திருளன் ஏக்கத்தோடு பார்த்த திசையில் ஹாலாஸ்யமும் பார்த்தார். ஷோரூம் நடுவில் ஒரு பெரிய கறுப்புக் கார் பளபளவென்று நின்றது. அதற்குப் பின்னால், வாட்டர் சர்வீஸில் சோப்பு நுரையோடு நின்ற ஹாலாஸ்யத்தின் சின்னப் பச்சைக் கார், அதோடு ஒப்பிட்டால் பொம்மை மாதிரி தெரிந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் சாவித்ரியிடம் பொரிந்து தள்ளினார்.

"அவருக்குக் காபி குடுத்தா உங்களுக்கு என்னன்னா? இந்தாங்கோ, நான் போட்ட காபி."

"காபியா பெரிசு? மரியாதைடீ! நம்ம தெருவுல அம்புட்டுப் பெரிய வண்டிய அவன் கொண்டுவந்து நிறுத்தினா நம்ம வண்டிய யாரு திரும்பிப் பார்ப்பா?"

"நம்ம வண்டிக்கு என்ன குறைச்சல்? மீனாட்சி நிறம். கம்பெனிக்காரனே இந்தப் பச்சையை இப்போ போடறதில்லையாம். ஓடிண்டிருக்கறதை ஒண்ணும் பண்ணி வைக்காதீங்கோ."

ஆனால் ஹாலாஸ்யம் ஷோரூமின் கவனத்தைத் தன் பக்கம் திருப்பியே தீருவது என்று முடிவு செய்துவிட்டார். மறுவாரமே போய், "வண்டியில ஏதோ சத்தம் வருது" என்றார். அப்படி ஒரு சத்தமும் வரவில்லை.

மெக்கானிக் அந்தச் சத்தத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. கதவைக் கழற்றினார், டேஷ்போர்டைப் பிரித்தார், எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். அதன் பிறகு நிஜமாகவே சத்தம் வந்தது.

அன்றும் முத்திருளன் அங்கே இருந்தார். காபியை அப்படியே வைத்துவிட்டுப் பதறி ஓடி வந்தார். "என்னண்ணே, வண்டிய இப்படிப் பிரிச்சுப் போட்டிருக்காங்க? பெரிய கோளாறா?"

எம்புட்டு அக்கறை பார், நம்ம வண்டி கெட்டதில் இவனுக்கு எம்புட்டுச் சந்தோஷம் என்று ஹாலாஸ்யம் பல்லைக் கடித்தார்.

அடுத்ததாக, அலங்காரப் பொருள்களை வாங்கிக் குவித்தால் மதிப்பார்கள் என்று நினைத்தார். புது சீட் கவர், சக்கரத்துக்கு வெள்ளி மூடி, கதவைத் திறந்தால் தரையில் வெளிச்சம் விழும் விளக்கு எல்லாம் போட்டார். பில் வந்தது, கூடவே தண்ணீர் வந்தது. அந்த விளக்கு கதவை மூடிய பிறகும் எரிந்து பேட்டரியைத் தீர்த்ததில், திங்கட்கிழமை காலை அவர் அலுவலகத்துக்கு ஷேர் ஆட்டோவில் போனார்.

வண்டியைத் தள்ளிவிட வந்த முத்திருளன் சீட் கவரைத் தடவித் தடவிப் பார்த்தார். "ராசா மாதிரி வச்சிருக்கீங்கண்ணே. சும்மா சொல்லக் கூடாது."

ஆட்டோவில் போகும்போது அந்த வார்த்தை ஹாலாஸ்யத்தின் காதில் குடைந்துகொண்டே இருந்தது. தள்ளிவிட்டும் ஸ்டார்ட் ஆகாத வண்டியைப் பார்த்து ராசாவாமே! கிண்டலைக் கூட மரியாதையாகச் செய்யத் தெரிந்த ஆள் என்று பொருமினார்.

ஐப்பசி பிறந்ததும் முத்திருளன் தெருமுனையில் யாரிடமோ சொல்வது கேட்டது. "கார்த்திகைக்குள்ள வந்துரும் மாப்ள. பவதாரிணி பாப்பா அடிச்சுச் சொல்லுது. எங்க வீட்ல வேற அந்த வண்டிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

ஹாலாஸ்யம் அதற்கு மேல் பொறுக்கவில்லை. நேரே ஷோரூமுக்குப் போனார்.

"அந்தக் கறுப்பு வண்டி எனக்கு வேணும். உடனே வேணும்."

பவதாரிணியின் முகம் மலர்ந்தது. "தாராளமா சார்! உங்க பச்சை வண்டிய எக்ஸ்சேஞ்சுல போட்டுருவோமா?"

"போட்டுரு."

சொல்லி வாய் மூடவில்லை, பீங்கான் கோப்பையில் காபி வந்தது. தட்டு வந்தது. முந்திரி பிஸ்கெட் வந்தது. மேனேஜர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காபியில் சர்க்கரை போடவில்லை என்பது கடைசி மடக்கில்தான் ஹாலாஸ்யத்துக்குத் தெரிந்தது.

பச்சைக் காரைக் கொடுக்கும் நாளன்று சாவித்ரி அதன் முன்னால் நின்று அழுதாள். "பெரிய வண்டி நம்ம சந்துக்குள்ள நுழையாதேன்னா. எங்கே நிறுத்தப் போறேள்?"

"மெயின் ரோட்டுல நிறுத்தினா நாலு பேர் பார்ப்பா" என்றார் ஹாலாஸ்யம். சொல்லிவிட்டு, பச்சைக் காரின் கண்ணாடியைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்தார்.

டெலிவரி முகூர்த்த நாளில் நடந்தது. மறுபடியும் மாலை, மணி, கேக், அட்டைச் சாவி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமும் மணி அடித்தது. அங்கே முத்திருளனும் அவர் மனைவி பாண்டிமீனாவும் மாலையோடு நின்றார்கள். பக்கத்தில் சிவப்புத் துணி போர்த்திய ஒரு வண்டி இருந்தது.

துணியை இழுத்தார்கள். உள்ளே, கழுவித் துடைத்த சின்னப் பச்சைக் கார்.

ஹாலாஸ்யத்துக்குக் குளுகுளுவென்றிருந்தது. ஆசைப்பட்ட கறுப்பு வண்டி கை நழுவிப் போய், கடைசியில் அவர் கழித்துக் கட்டிய பழைய வண்டிதான் முத்திருளனுக்குக் கிடைத்திருக்கிறது! வென்றவருக்கே உரிய பெருந்தன்மையோடு அவர் பக்கத்தில் நின்ற காளையிடம், "பாவம்ப்பா, மனுஷன் ஏமாந்துபோயிருப்பார். அவருக்கு இன்னொரு காபி குடு" என்றார்.

காளை குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏமாத்தமா? ரெண்டு வருசமா முத்திருளன் அண்ணே உங்க பச்சை வண்டிக்குத்தான சார் சொல்லி வச்சிருந்தாரு, காபி குடுத்து உக்கார வச்சா நீங்க வண்டிய மாத்தவே மாட்டீங்கன்னுட்டுத்தான் உங்களுக்கு மட்டும் தண்ணி குடுக்கச் சொன்னாரு மேனேஜரு."