சட்டிக்குள் நின்ற தெப்பன்

ஒரு காட்டில் சிங்கராஜாவின் பிடரியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப்போயிருந்தது. அவர் வேட்டைக்குக் கிளம்புவதற்கு முன்பே வாடை கிளம்பிவிடும். மான்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிடும். ராஜா பட்டினி.

"தலைக்குப் பூந்திக்கொட்டைக் கரைசல் எவ்வளவு விடணும்னு சரியா அளந்து சொல்லுய்யா," என்று முள்ளம்பன்றிப் பேராசிரியருக்கு உத்தரவு வந்தது.

பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்திப் பாடம் நடத்தினார். "சோப்புத் துகளுக்குத் தலை தண்ணியை விரும்பும், வாலுக்குத் தண்ணி ஆகாது. முதல்ல மேல்பரப்புல வாலைத் தூக்கிட்டு நிக்கும். அங்கே இடம் தீர்ந்ததும் உள்ளே போய், வாலை நடுவுல ஒளிச்சுப் பந்து பந்தாக் கூடும். அதுதான் மிசெல். பிசுக்கை இழுத்துக்கிறது அதுதான். அதுவரைக்கும் சொட்டுக்குச் சொட்டு மேல்பரப்பு தளரும். மிசெல் வந்ததும் தளர்றது நின்னுடும். அந்தச் சொட்டுதான் சரியான அளவு."

அந்தத் தளர்ச்சியை அளக்கும் கருவியோ ரிப்பேர். பழுது பார்க்கும் கொக்கு போனை எடுக்கவில்லை. ஆகவே தண்ணீர் மேல் நடக்கும் பூச்சியான தெப்பனைப் பிடித்துவந்து சட்டித் தண்ணீரில் நிற்கவைத்தார்கள்.

"கால் இறங்குறது எப்போ நிக்குதோ, அப்போ சொல்லு."

"சார், அதுக்குள்ள நானே இறங்கிட்டேன்னா?"

"அதையும் குறிச்சுக்குவோம்."

குழாயிலிருந்து கரைசல் ஒரு சொட்டு விழுந்தது. தெப்பனுக்குப் பாதம் நனைந்தது. இன்னொரு சொட்டில் முழங்கால். அடுத்ததில் வயிறு ஜில்லென்றது. தண்ணீர் மேலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு நீச்சல் தெரியாது என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த சொட்டு குழாய் நுனியில் தொங்குவதைப் பார்த்தான். உடனே கத்தினான்.

"நின்னுடுச்சு சார்! மிசெல் வந்துடுச்சு! பந்து பந்தா, என் கண்ணால பாத்தேன்!"

மிசெல் கண்ணுக்குத் தெரியாது என்பதைப் பேராசிரியரே மறந்துவிட்டார். அவர் ஆடிய ஆட்டத்தில் முட்கள் நாலாபக்கமும் பறந்தன.

ராஜா அந்த அளவில் கரைத்துக் குளித்தார். பிசுக்கு அப்படியே இருந்தது. "டேய், ராஜா வர்றாருடோய்!" என்று மான்கள் மலை தாண்டி ஓடின.

"எவன்டா அளந்தது?" என்று ராஜா கர்ஜித்தார். தெப்பன் தாமரை இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டான்.

பேராசிரியர் பணிவாகச் சொன்னார். "ராஜா, கட்டுரை அச்சாயிடுச்சு. அட்டையில உங்க படம். இனிமே அளவைத் திருத்த முடியாது, உங்களைத்தான் திருத்தணும்."

ராஜா படத்தைப் பார்த்தார். பிசுக்கில் பிடரி பளபளவென்று மின்னியது. கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, கிழங்கு தோண்டப் போய்விட்டார். வாடை போகாததால் உயிர் பிழைத்த மான்கள் தெப்பனுக்கு முனைவர் பட்டம் கொடுத்தன.

நீதி: அளவுகோலுக்கு உயிர் இருந்தால், எந்த அளவும் அதன் உயிருக்கு ஒரு சொட்டு முன்னால் நின்றுவிடும். அச்சேறிவிட்டால் அதுவே விஞ்ஞானம்.