மாப்பிள்ளை அழைப்பில் நின்ற கார்

கே.கே. நகர், மதுரை
3-11-1999

சிரஞ்சீவி தம்பி சாம்பமூர்த்திக்கு, அண்ணா சுப்பராமன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே காரைத் தவிர எல்லோரும் சௌக்கியம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி உன் மன்னி எழுதச் சொன்னாள்.

ஆடிட் என்று உனக்கு லீவு கிடைக்காவிட்டாலும் நம் பெண் ராஜஸ்ரீ கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பில் என் மானம் போகப் பார்த்தது. எல்லாம் எங்களோடு இருக்கும் உன் அருமைப் பிள்ளை ஸ்ரீராம்குமாரால். நம் பழைய கார் டிக்கியில் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய வூஃபர் ஸ்பீக்கரும் வைத்தானே, பாட்டு ‘டம்’ என்றால் ஹெட்லைட் கண்ணை மூடிக்கொள்ளும். திருநகரில் மெக்கானிக் கண்ணுச்சாமியிடம் காட்டினோம். “சாமி, இந்த டைனமோ லைட்டுக்கும் ஹாரனுக்குமே மூச்சு வாங்குது. இம்புட்டுப் பெரிய செட்டுக்கு அது எங்க போயி கரண்டு கொண்டாரும்?” என்றார். சரியென்று டைனமோவுக்குப் பதில் பெரிய ஆல்டர்னேட்டர், பெரிய பேட்டரி, கட்டைவிரல் தடிமனுக்கு வயர் எல்லாம் போட்டாயிற்று. அப்புறம் லைட் சிமிட்டவில்லை. கார் தெருவில் திரும்பும்போதே அடுக்களையில் டம்ளர்தான் ஆடியது.

பிறகு ஆயுத பூஜைக்கு நீ வந்தாய். யார் செய்வார்கள் அவ்வளவு சிரத்தையாக? பேட்டரியில் வயர் மாட்டும் இரண்டு க்ளாம்பையும் கழற்றித் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து மாட்டினாயே, அதை உன் மன்னி இன்னும் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகிறாள். அத்தனை செய்தும் மறுநாளிலிருந்து கார் நினைத்தால் கிளம்பும், நினைக்காவிட்டால் கிளம்பாது. கண்ணுச்சாமியோ எழுமலைக்குக் குலசாமி கும்பிடப் போய்விட்டார். வாடகைக் கார் பேசுகிறேன் என்றால் ஸ்ரீராம், “நம்ம கார் இருக்கறச்சே வாடகை எதுக்குப் பெரியப்பா?” என்கிறான்.

சம்பந்தியை உனக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தில் காபி ஆறியிருந்ததற்கே ஒரு வாரம் பேசாதவர். பிள்ளையார் கோவிலிலிருந்து ஊர்வலம் ஜோராகக் கிளம்பியது. நடுவழியில் நாதஸ்வரக்காரர்கள் சோடா குடிக்க நின்றார்கள். உடனே ஸ்ரீராம் செட்டைத் திருகினான். ஒரே ஒரு ‘டம்’. பாட்டு, அலங்கார லைட், இன்ஜின் எல்லாம் சேர்ந்து அணைந்தன. சம்பந்தி அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டார். கல்யாணமே நின்றுவிடுமோ என்று பயந்தேனடா! அப்போது மாப்பிள்ளை மாலையோடு இறங்கி, பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டி, “ஸ்ரீராம், செகண்ட் கியர்ல போட்டுக்கோ, நான் தள்றேன்” என்றார். பிள்ளை தள்ளும்போது அப்பா சும்மா நிற்க முடியுமா? சம்பந்தியும் கை கொடுத்தார். கார் உறுமிக் கிளம்பியது, பாட்டும் கிளம்பியது. “சத்தம் நன்னா இருக்கே, இன்னும் கொஞ்சம் வையேன்” என்று சம்பந்தி சிரித்தார்! ராஜஸ்ரீ நல்ல இடத்துக்குத்தான் போகிறாள் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆனாலும் செட்டைக் கழற்றச் சொல்லி ஸ்ரீராமுக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுது. என் பேச்சு எடுபடாது. மீனாட்சி கிருபையால் நீ தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
சுப்பராமன்

பி.கு.: தபாலில் போடப் போகும்போது கண்ணுச்சாமி வந்துவிட்டார். க்ளாம்பைக் கழற்றிப் பார்த்து, “யாரு சாமி இங்க சந்தனத்த அப்புனது? கல்லாக் காஞ்சு கெடக்கு. கரண்டு எப்பிடிப் போகும்?” என்றார். சுரண்டியதும் கார் ஒரே சாவியில் கிளம்பியது. ஆகவே ஸ்ரீராமுக்குக் கடிதம் வேண்டாம். சம்பந்தியும் தன் காருக்கு இதே செட் போடுகிறார். சிரத்தையாகப் பூஜை செய்ய உன்னைத்தான் அழைக்க வேண்டுமாம். காரை நிறுத்தியதே உன் சந்தனம்தான் என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.