தம்பியின் ஆமைக் காசு

தையல்காரரிடம் அவர் மனைவி பேசிப் பத்து நாளாகிறது.

சண்டை இல்லை, திட்டு இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள். வெளியே மழை வேறு விட்டபாடில்லை.

"என்ன தப்புண்ணே பண்ணீங்க?" கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவள் கேட்டாள்.

"தெரிஞ்சா கால்ல விழுந்திருக்க மாட்டேனா?"

"கடைசியா எதுக்குத் திட்டினாங்க?"

"குழாய் ஒழுகுது, கதவு கிறீச்சிடுது, உங்க தம்பி காசு கறுத்துக் கிடக்கு, எதையாவது கண்ணெடுத்துப் பாக்குறீங்களான்னு."

"அப்ப அதையெல்லாம் பாருங்க."

குழாயை முடுக்கினார், கையோடு வந்தது. கதவுக்கு எண்ணெய் விட்டார். பாதி அவள் புடவைக்குப் போனது. அவள் வாயே திறக்கவில்லை.

மிச்சம் காசுதான். தம்பி கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். ஏதோ குட்டித் தீவு வெளியிட்ட வெள்ளிக் காசை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து அனுப்பினான். ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் ஆமை. அனுப்பிய மாதமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து தையல்காரர் அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை. தொட்டால் அழுகை வரும்.

இன்று அழுதுகொண்டே பற்பொடி போட்டுத் தேய்த்தார். ஆமை வெள்ளை வெளேரென்று ஆனது. அப்புறம்தான் பெட்டியின் அடியிலிருந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். பழங்காசு போல இருக்கட்டும் என்று செய்யும்போதே கறுப்பாக்கிய காசாம். தேய்த்தால் மதிப்புப் போய்விடுமாம்.

"ஐயையோ! கறுப்புதான் அதுக்கு அழகாமே!" என்று காஜாக்காரியிடம் ஓடினார்.

"பதறாதீங்கண்ணே. அவிச்ச முட்டையோட டப்பாவுல மூடி வைங்க, கறுத்துடும். என் கொலுசு அப்படித்தான் நாசமாச்சு."

மறுநாள் திறந்தால் ஆமைக்கு ஓடு நீலம், தலை மஞ்சள், உடம்பெல்லாம் அம்மை போட்டதுபோலத் திட்டுத்திட்டாய். வீடு முழுக்க முட்டை நாற்றம். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். அதற்கும் திட்டவில்லை.

"அவ திட்டு இல்லாம வீடு எழவு வீடு மாதிரி இருக்கும்மா," என்றார் காஜாக்காரியிடம்.

குடையோடு நாணயக் கடைக்குப் போனார்.

"இதே மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா சார்? என் தம்பி அனுப்பின கடைசிப் பொருள். நானே கெடுத்துட்டேன். இது தெரிஞ்சா என் வீட்டுக்காரி ஜென்மத்துக்கும் பேச மாட்டா."

கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துக் காசின் விளிம்பிலிருந்த எண்ணைப் படித்தார். விற்பனைக் கணக்கு நோட்டைப் புரட்டினார். பிறகு தையல்காரரை ஒரு மாதிரி பார்த்தார்.

"இது உங்க தம்பி அனுப்பினதில்லீங்க, பத்துப் பன்னெண்டு நாளைக்கு முன்னாடி நான் வித்தது; தேய்ச்சு வெள்ளையாக்கின காசு ஒண்ணைக் கொண்டாந்து காட்டி ஒரு அம்மா வாங்கிட்டுப் போனாங்க, 'இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவர்கிட்ட பேசுவேன்'னு ஒரே அழுகை!"